ஊசிக்கு நாலு

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கடை லீவு. மாடி ரூமுக்கு டைவான் மெத்தை தைக்க ஆரம்பித்தேன். டிசம்பரில் ஷிஃபா ஒரேயடியாகத் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார. வாங்கிய ஃபோம் ஒரு ஓரம் ஈரம். "வெயில்ல வையுங்க இக்கா" என்கிறான் விற்றவன். ஜூலை மாதம், மட்டாஞ்சேரியில், வெயில்! அதையும் அவனே விற்றால் வாங்கிக்கொள்கிறேன்.

சாயங்காலம் ஜிதின், ரோஷ்னி. ஷி.யோடு நர்சிங் படித்த பிள்ளைகள். (பெற்ற மகள் பெயரை முழுசாக எழுதவும் சோம்பல்.) அவள் அயர்லாந்து போய் இது மூன்றாவது மழைக்காலம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நம் வீட்டில்தான். காரணம் நான் இல்லை, என் கட்டிங் மேஜை. நல்ல அகலம். ஷி. போனில் வருவாள், சாஸ் பாட்டிலில் சாய்த்து வைப்போம். அவளுக்கு டியூட்டி என்றால் அவள் வேஷம் எனக்கு. இன்று டியூட்டி.

வேஷத்தின் பெயர் தும்பி. வாள் சண்டைக்காரி, வயது இருபது. போடுகிறவன் வயது ஐம்பத்தெட்டு, தொப்பை, முட்டி வலி.

ஜிதின் கதை சொல்வான். நாம் என்ன செய்கிறோம் என்று சொல்லி, இருபது மூஞ்சி டைஸை உருட்ட வேண்டும். அவன் கேட்கும் எண் வந்தால் காரியம் நடக்கும். கை பழகிய தொழில் என்றால் விழுந்த எண்ணோடு நாலு கூட்டிக்கொள்ளலாம். அதற்கு டூல் என்று பேர். எல்லோரும் பூட்டு திறக்கிற டூல்தான் எடுப்பார்களாம். ஷி. தும்பிக்கு எடுத்துக் கொடுத்தது தோல் தைக்கிற ஊசியும் நூலும். "எங்க அத்தாவோட டூல்" என்றாளாம். ஆட்டோ சீட் தைக்கிறவன் மகள்.

"அது வேஸ்டாணு அங்கிள், ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றாள் ரோஷ்னி. எனக்கு ரோஷம். குகை வாசலில் கூடாரம் கிழிந்து கிடப்பதாக ஜிதின் சொல்லவும், தைக்கிறேன் என்றேன்.

"என்ட அங்கிளே, டிராகன் வருது! இப்பவா தைக்கிறது?"

"டிராகன் கடிச்சா ஒரே கடி. நனைஞ்சா ஏழு நாள் மூக்கு ஒழுகும், மோளே."

ஜிதின் சிரித்து சாயாவைக் கொட்டினான். பதினைந்து விழுந்தது, நாலு கூட்டினேன். கூடாரம் புதுசு. டிராகன் என்ன ஆனது, ஞாபகமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மழை. இரண்டு ஆட்டோ சீட், ஒரு பைக் சீட். பைக்காரனுக்குச் சிவப்பு வேண்டும், அவன் பெண்டாட்டிக்குக் கறுப்பு. இரண்டையும் சேர்த்துத் தைத்தேன். இருவரும் முறைத்தார்கள்.

ஷி. போன். மெத்தைத் துணி மூன்று மாதிரி படம் அனுப்பியிருந்தேன்.

"அவசரமா தைக்க வேண்டாம் அத்தா."

"டிசம்பர் இந்தா வந்துரும்ல?"

"கை வலிக்கும் உங்களுக்கு. மெதுவா போதும்."

பாசமான பிள்ளை. நீலத்தை நானே தேர்ந்தெடுத்தேன்.

வாங்க: மெழுகு நூல், ஜிப், வீட்டுக்காரி மைமூனுக்குத் தைலம்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போகையில் குடை காற்றில் திரும்பிக்கொண்டது. பள்ளிவாசலே பார்த்துச் சிரித்தது.

சோறு போடும்போது மைமூன்: "மாடி ரூம்ல அரிசி மூட்டை வைக்கட்டா? கீழ ஒரே ஈரம்."

"மோள் வந்தா மூட்டை மேலயா படுப்பா?"

மீனில் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். கேளாமல் நடுத்துண்டு வருவது அதிசயம். நானும் ஒன்றும் கேட்காமல் தின்றேன்.

டைவான் ஒரு பக்கம் முடிந்தது.

ஜூலை 13, ஞாயிறு

ஷி.க்குத் தமிழ் படிக்க வராது, மலையாளம்தான். அதனால் எழுதலாம்.

இன்றும் அவளுக்கு டியூட்டி. ஜிதின் கதையைத் தொடங்காமல் பென்சிலையே சீவிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

"தும்பி இனி நம்ம கூட வரல அங்கிள். வடக்கே ஒரு டவுன்ல தங்குறா."

"எத்தனை நாளைக்கு?"

"அங்கேயேதான்."

ரோஷ்னி கண்ணைத் துடைத்தாள். விளையாட்டுக்கு யாராவது அழுவார்களா?

"தங்குறது தும்பியா, ஷிஃபாவா?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். பழம்பொரித் தட்டோடு வந்த மைமூன்தான் சொன்னாள்.

"அங்கேயே இருக்கறதுக்குப் பேப்பர் வந்தாச்சு. வீடும் பார்த்துட்டா. உங்ககிட்ட சொல்ல அவளுக்கு தைரியம் இல்ல. எனக்கும் இல்ல."

ஆக, எல்லோருக்கும் தெரியும். தெரியாதது எனக்கும் சாஸ் பாட்டிலுக்கும். நடுத்துண்டு எதற்கென்று இப்போது விளங்குகிறது.

ஜிதின் மெதுவாக: "டவுன்ல வாள் வச்சு ஒரு காரியமும் இல்ல அங்கிள். பிழைக்க ஒரு தொழில் வேணும். தும்பிக்கு ஊசி நூல் இருக்கிறதால கடை போடலாம். பன்னிரண்டு வரணும். அத்தா உருட்டட்டும்னு ஷிஃபா சொன்னா."

"வரலேன்னா?"

"நம்ம கூடத் திரும்பி வந்துருவா."

வேஸ்ட் டூல் என்றார்களே! அதற்காகச் சண்டை போட்டவன் நான்.

உருட்டினேன். விழாதே, விழாதே என்று மனசுக்குள். நல்ல தகப்பன்.

எட்டு.

"தோத்தாச்சு! தும்பி வரும்!" ரோஷ்னி கை தட்டினாள். மைமூன்கூடச் சிரித்தாள், டைஸ் என்றால் என்னவென்றே தெரியாதவள். ஜிதினுக்குக் கணக்குத் தெரியும். என்னைப் பார்க்காமல் ஒரு பழம்பொரியை எடுத்துக்கொண்டான்.

நானும் ஒன்று தின்றேன். முழுசும். சாயாவும் குடித்தேன். தும்பி இன்னும் எங்களோடுதான் இருந்தாள். பேசாமல் இருந்தால் போதும்.

"ஊசிக்கு நாலு கூட்டலையே" என்றேன்.

ஒருத்தரும் கூட்டவில்லை. நானே கூட்டினேன்.

ஜூலை 14, திங்கள்

மழை விட்டிருக்கிறது. ஃபோமை மொட்டைமாடியில் காய வைத்தேன்.

கடைக்கே ஷி. போன்.

"எட்டுதான் விழுந்துச்சாமே. நீங்க சும்மா இருந்திருக்கலாம்ல அத்தா?"

"டூல் எடுத்தது நீ. கூட்டாம விட்டா அது கள்ள ஆட்டம், மோளே."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். "ஜலதோஷமா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள். ஏழு நாளில் சரியாகும் என்றேன்.

அங்கே பார்த்திருக்கிற வீட்டில் ஜன்னல் எவ்வளவு அகலம் என்று கேட்டேன். அளந்து அனுப்புகிறாளாம்.

மைமூனிடம் சொல்ல: அரிசி மூட்டையை மாடியில் வைக்கலாம். டைவான் மேல் வேண்டாம். தரையில்.