திரும்பி வராத எண்

மார்ச் 3
தங்கை தன் செயற்கை ஓட்டக் காலைக் கொண்டுவந்து என் ஆய்வக மேசையில் வைத்தாள். வலது முழங்காலுக்குக் கீழே அவள் மாட்டிக்கொள்ளும் கார்பன் இழைத் தகடு. "ஓடும்போது டிக்குனு சத்தம் வருதுக்கா. பெரிய விஞ்ஞானியாச்சே, பாரு." இருநூறு மீட்டர் தகுதி ஓட்டம் 14-ஆம் தேதி. செய்து கொடுத்தவர் விரிசலே இல்லை என்றாராம். வெளியே இல்லை, சரி. உள்ளே?

மார்ச் 4
கார்பன் இழையை வளைத்தால் மின்தடை ஏறும். விட்டால் பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. விட்டேன். 1.842 ஓம் இருந்த இடத்தில் 1.849.

மார்ச் 5
ஆய்வகத் தலைவர் சிரித்தார். "கிளிப் மாட்டியா அளந்தே? கிளிப் அசைஞ்சாலே எண் மாறும்மா." மேல்பூச்சைக்கூடச் சுரண்டாமல் மாட்டியிருக்கிறேன்! எனக்குப் பதினோரு வருஷ அனுபவமாம். சே.

தங்கைக்கு ஒரே குஷி. "அப்ப கால் நல்லாத்தான் இருக்கு, குடு!" குடுக்க மாட்டேன். கிளிப் தப்பு என்பதால் கால் சரி என்று ஆகிவிடுமா?

மார்ச் 9
பூச்சைச் சுரண்டி, வெள்ளிப் பசையில் நான்கு கம்பிகள் ஒட்டினேன். இரண்டில் மின்சாரம், இரண்டில் அளவு. இனி ஒட்டிய இடத்தைக் குறை சொல்ல முடியாது. மெதுவாக நூறு முறை வளைத்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. அவளுடைய பழைய, கனமான காலையும் அளந்தேன். அதன் எண் சமர்த்தாகத் திரும்பி வந்தது.

மார்ச் 10
"நீ சொன்னதுதான் சரி" என்றார் தலைவர். ஜெயித்த சந்தோஷம் துளிகூட இல்லை.

மார்ச் 11
அழுதாள். "பழைய கால்ல வேகம் வராதுக்கா. நாலு வருஷம் உழைச்சிருக்கேன்!" "விழுந்து, இருக்கற இன்னொரு காலும் போச்சுன்னா?" என்று கத்திவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கொடுக்கவில்லை.

மார்ச் 14
பழைய காலில் ஓடினாள். ஐந்தாவது. நான்கு பேரைத்தான் எடுப்பார்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 17
அவளை வரச்சொல்லி, அவள் கண் முன்னாலேயே தகட்டை இயந்திரத்தில் வைத்தோம். ஓடும்போது விழும் அதே பாரம். முப்பத்தேழாவது அழுத்தத்தில் படாரென்று ஒடிந்தது.

ஒடிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "இருநூறு மீட்டருக்கு இந்தக் கால் அம்பது தடவை தரையில விழும்க்கா" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 26
மேசையில் ஒரு பெட்டி. புதுக் கால், பிரிக்கவே இல்லை. மேலே அவள் கையெழுத்து: "எண் திரும்பி வருதான்னு பாரு. அப்புறம் போட்டுக்கறேன்."