கைதட்டல் ஒத்திகை

மார்ச் 3
இன்று கைதட்டுவதற்கு ஒத்திகை. சத்தியமாக! நாளை செயற்கைக்கோள் ஏவுவதைப் பார்க்க அமைச்சர் வருகிறார், நேரடி ஒளிபரப்பு வேறு. விளம்பர அதிகாரி எங்களைத் திரும்பத் திரும்ப எழுப்பித் தட்டவைத்தார். "மேடம், நீங்க லேசா கண்கலங்கினா நல்லாயிருக்கும்."

செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் வரும்வரை இந்தக் கட்டுப்பாட்டு அறையில் யாரும் தட்டுவதில்லை. அது எங்கள் வழக்கம். பக்கத்து மேசைக்காரர் என் காதில், "பஞ்சப்படி மாதிரி அழுறதுக்கும் தனியா படி உண்டாமா?" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

மார்ச் 4
ராக்கெட் போனது, கோள் பிரிந்தது. அமைச்சர் மைக்கைப் பிடித்து, "இன்று முதல் நாமும் வல்லரசு!" என்றார். கேமரா எங்கள் பக்கம் திரும்பியது. என் திரையில் சிக்னல் இல்லை, வெறும் கோடு. பக்கத்து மேசைக்காரர் மட்டும் எழவில்லை. "இருங்க, இன்னும் சிக்னல் வரல" என்று சத்தமாகவே சொன்னார்.

நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு எழுந்து தட்டினேன். கண்ணும் கலங்கியது, பயத்தில்.

மார்ச் 5
எல்லா நாளிதழிலும் என் முகம். 'தேசத்தின் ஆனந்தக் கண்ணீர்'. மாமியார் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். கோள் இன்னும் வாய் திறக்கவில்லை.

மார்ச் 9
இயக்குநர் கூப்பிட்டார். "முதல்ல சிக்னல் வந்துச்சு, அப்புறம்தான் போச்சுன்னு அறிக்கை விட்டாச்சு. உங்க பக்கத்து மேசைக்காரர் என்னடான்னா வரவே இல்லைங்கறார். உங்க திரையில என்ன இருந்துச்சு?"

"கவனிக்கல சார்."

சீ! கவனிக்கலையா? அதுக்குத்தானே சம்பளம் வாங்குறே? தட்டுறதுக்குக் கை இருந்துச்சே, வாய் எங்கடி போச்சு?

மார்ச் 20
பக்கத்து மேசைக்காரருக்கு மாற்றல். மலைமேல் இருக்கும் ஆண்டெனா நிலையத்துக்கு. டம்ளரைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "போட்டோ நல்லா வந்திருக்கு மேடம்" என்றார். குத்தலா? இல்லை, மனசாரத்தான் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 14
மகள் பள்ளிக்கூடச் சுவரில் அந்தப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போகவில்லை.

நவம்பர் 2
மறுபடி ஒத்திகை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்.

நவம்பர் 3
இரண்டாவது கோள். கேமரா திரும்பியதும் எல்லோரும் எழுந்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். விளம்பர அதிகாரி முறைத்தார்.

அவர்கள் தட்டி முடித்து, கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது என் ஹெட்போனில் மலை நிலையத்தின் குரல் வந்தது. அவர்தான்.

"சிக்னல் வந்தாச்சு. சுத்தமா இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "மேடம், நீங்களா? இப்பத் தட்டலாம்."

கை எழவே இல்லை. அந்தப் பக்கம் அவர் ஒருவராகத் தட்டுவது கேட்டது.