பூட்டிக் கிடந்த வீடு

அம்மா,

இன்று காலை நூலகத்தில் ஒரு பழைய பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாடை குப்பென்று அடித்தது. உன் டிரங்குப் பெட்டியின் அதே வாடை. உள்ளே டெல்லியையும் சுற்றுவட்டாரத்தையும் பற்றி சர்க்கார் காலங்காலமாக எழுதிவைத்த அறிக்கைகள். அவற்றை ஸ்கேன் செய்வதுதான் இப்போது என் வேலை. "சம்பால்கே, மேடம்" என்றார் மேலாளர். பழைய காகிதமாம், பதமாகத் தொட வேண்டுமாம். நம் வீட்டை யாராவது இப்படித் தொட்டார்களா?

வெள்ளைக்காரன் காலத்து அறிக்கையில் கிணறு, கல்லறை, மாமரம் என்று ஒன்று விடாமல் இருக்கிறது. அதை முடித்துவிட்டு, நான் பள்ளியில் படித்த காலத்துக் கணக்கெடுப்பு அறிக்கையை எடுத்தேன். சாக்கடை நாலா ஓரத்து நம் குடியிருப்புக்கும் அதில் ஒரு பத்தி. பெரும்பாலான குடிசைகள் பூட்டிக் கிடந்தன, ஆகவே அவற்றில் யாரும் குடியில்லை என்று கொள்ளப்பட்டது. அவ்வளவுதான்.

கணக்கெடுக்க எப்போது வந்தார்கள்? வேலை நாளில், முற்பகலில். அது அவர்களுடைய ஆபீஸ் நேரம். அந்த நேரத்தில் நம் சந்தில் யார் இருப்பார்கள்? பெண்கள் நீங்கள் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள், ஆண்கள் துடைப்பத்தோடு ரோட்டில். நீ லோதி ரோடு சாகிப் வீட்டில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தாய். சாயங்காலம் வந்து, கதவில் சாக்பீஸால் போட்டிருந்த பெருக்கல் குறியைப் பார்த்துவிட்டுக் கத்தினாய்: "பூட்டு தொங்குனா ஆளு வேலைக்குப் போயிருக்குன்னு அர்த்தம். இதுகூடவாடி தெரியாது இவனுங்களுக்கு?" மறுநாள் சாகிப்பிடம் சொல்லியிருக்கிறாய். "அச்சா, அச்சா, பார்க்கிறேன்" என்றாராம்.

நன்றாகத்தான் பார்த்தார். அறிக்கையின் முன்னுரைக்குக் கீழே அவர் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன. ஏதோ பெரிய ஆபீசர் என்பதுதானே நமக்குத் தெரியும்? இந்த அறிக்கையே அவர் தயாரித்தது, அம்மா. உனக்குக் காய்ச்சல் வந்து ஒருநாள் போகாவிட்டால், டிரைவரை அனுப்பி நம் கதவைத் தட்டவைத்த மனிதர்! அவர் வீட்டில் அடுப்புப் பற்றவைக்க ஆள் வேண்டுமென்றால் அந்தக் குடிசையில் நீ இருந்தாய். சர்க்காருக்கு எழுதும்போது மட்டும் அங்கே யாருமில்லை.

புல்டோசர் வரப்போகிறது என்று தெரிந்து, மாற்று வீடு கேட்டு வரிசையில் நின்றோமே, ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவன் சொன்னதும் இதைத்தான். "சர்வேயில் உங்கள் வீடு காலி." நீ ரேஷன் கார்டை நீட்டினாய். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இடித்த அன்று நீ கதவிலிருந்து பூட்டை மட்டும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாய். அந்தக் குளிர்காலத்திலேயே, வாடகைக்குப் பிடித்த மொட்டைமாடி அறையில், வீட்டு நினைப்பாகவே போய்ச் சேர்ந்தாய். யாரையும் மன்னிக்க எனக்கு மனசில்லை.

நம் பத்தியும் அவர் கையெழுத்தும் இருந்த பக்கங்களைக் கிழித்துப் போடத்தான் தோன்றியது. கிழிக்கவில்லை. கசங்காமல், கையெழுத்து பளிச்சென்று தெரியும்படி ஸ்கேன் செய்தேன். எல்லோர் கண்ணிலும் படட்டும்.

நீ இருந்த அதே மொட்டைமாடி அறையில்தான் இன்னும் இருக்கிறேன். கதவில் உன் பூட்டுதான் தொங்குகிறது. இன்று சாயங்காலம் பெயின்ட் வாங்கிவந்து அதற்கு மேலே ஹிந்தியில் பெரிதாக எழுதினேன்: 'இந்த வீட்டில் ஆள் உண்டு. வேலைக்குப் போயிருக்கிறோம். சாயங்காலம் வந்து கணக்கெடுங்கள்.'

கதவை நாசம் செய்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் கத்துகிறார். கத்தட்டும். அழிக்க மாட்டேன், அம்மா.