கோமாளி மீன் பாறைக்கு மூன்று மிதவைகள் கோரி

அனுப்புநர்:
முக்குளிப்பாளர், மிதவைப் பராமரிப்புப் பிரிவு,
படகுத்துறைக் குடியிருப்பு.

பெறுநர்:
துறைமுக அலுவலர் அவர்கள்,
துறைமுக அலுவலகம்.

பொருள்: பவளப்பாறை மீது சுற்றுலாப் படகுகள் நங்கூரம் போடுவதைத் தடுத்து, படகு கட்டும் மிதவைகள் அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய இரு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு ஆண்டுகளாக நீரில் மூழ்கி மிதவைச் சங்கிலிகளைச் சரிபார்த்து வருகிறேன். வடக்கு மிதவையருகே, மூன்று ஆள் ஆழத்தில் ஒரு பவளப்பாறை உள்ளது. அதில் ஒட்டி வாழும், பூப்போன்ற கடலுயிரியான கடல் சாமந்தியில் மூன்று கோமாளி மீன்கள் குடியிருந்தன. ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டைகள். சாமந்தியின் இழைகள் மற்ற மீன்களைக் கொட்டும். இவற்றை மட்டும் மேல்தோலின் வழவழப்பு காக்கிறது. சாமந்தியை விட்டால் இவற்றுக்கு வேறு வீடில்லை.

2. சென்ற ஜூனில் ஒரு படகின் நங்கூரம் பாறையின் ஓரத்தைப் பெயர்த்தது. மூன்றில் பெரியதான பெண் மீன் அடிபட்டு இறந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்: படகை ஓட்டியவர் என் உடன்பிறந்த அண்ணன். கேட்டதற்கு, "ஒரு மீனுக்காக என்கிட்ட மல்லுக்கு நிக்கிறியா?" என்றார். ஒரே வீட்டில் அவர் மாடியில், நான் கீழே. எட்டு மாதம் பேச்சில்லை. ஆயினும் முந்தைய மனுக்களில் அவர் படகின் எண்ணை எழுத எனக்குக் கை வரவில்லை. அது என் பிழை.

3. இதற்கிடையே, எஞ்சிய ஆண் மீன் மெல்லப் பருத்துப் பெண்ணாக மாறியது. சிறியதாக இருந்த மூன்றாவது மீன், ஆணாக வளர்ந்தது. இந்த இனத்தின் இயல்பே இதுதான் எனப் படித்திருந்தேன். கண்ணால் கண்டது இப்போதுதான். கடந்த திங்களன்று பாறையில் முட்டைகளைப் பார்த்தேன்.

4. மறுநாள் அண்ணியிடம் சொல்லி அண்ணனை வரவழைத்து, நீருக்குள் பாறைவரை கூட்டிச் சென்றேன். ஆண் மீன் துடுப்பால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது. விரல் நீளமே உள்ள பெண் மீன் அண்ணனின் முகக்கண்ணாடியில் வந்து முட்டியது. மேலே வந்தவர் முகக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "இத்தனூண்டு இருந்துக்கிட்டு என்னையே விரட்டுது. இனிமே இங்க நங்கூரம் போட மாட்டேன்" என்றார்.

5. மற்ற எட்டுப் படகுக்காரர்களிடமும் அவரே பேசினார். அவர்களுக்கும் சம்மதம்தான், ஆனால் நங்கூரம் இல்லாவிட்டால் படகை எதில் கட்டுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கிடங்கின் பின்சுவரோரம் மூன்று மிதவைகள் சும்மா கிடக்கின்றன. தாங்கள் அனுமதித்தால், பாறைக்கு வெளியே மணல் தரையில் நானே அவற்றைப் பொருத்துவேன். அண்ணன் நாளைய சவாரியை விட்டுவிட்டுப் படகுடன் வரக் காத்திருக்கிறார்.

6. முட்டைகள் பொரிய இன்னும் மூன்று, நான்கு நாள் ஆகலாம். நாளை மறுநாள் ஞாயிறு, கூட்டம் மிகும். ஆகவே இன்றே உத்தரவிட வேண்டுகிறேன். இன்று காலை பார்த்தேன், ஐயா: ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கண்கள் தெரிகின்றன.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
முக்குளிப்பாளர்

உடன் ஒப்பமிடுபவர்:
படகு ஓட்டுநர் (மேற்படியாரின் அண்ணன்)

இடம்: படகுத்துறை
நாள்: 15-03-2024, வெள்ளி