நாற்பத்தொரு பேரும் தேறினார்கள்

1958 ஜூன் 11, புதன்

இரண்டாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளோடு நானும் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டேன், இந்த வருஷமும் நானே டீச்சர். நாற்பத்தொரு பிள்ளைகள். என் பெண் கோமளமும் அதில் ஒருத்தி. வகுப்பில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இன்று இரண்டு தடவை "அம்மா" என்றாள். இரண்டு தடவையும் பெஞ்சு மேல் ஏற்றினேன்.

அடுத்த புதன்கிழமை பிள்ளைகளைப் பரிசோதிக்க டாக்டர் வருகிறார். கண் பார்க்கிற அட்டையை பியூன் முனிகிருஷ்ணன் இன்றைக்கே சுவரில் மாட்டிவிட்டான். மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடிப்பொடியாக. ஹெட்மிஸ்ட்ரஸ் ஜகதாம்பாள் எட்டிப் பார்த்து, "அலமேலு, போன வருஷம் மாதிரியே ஒருத்தரும் தப்பக்கூடாது. ஸ்கூல் பேர் இருக்கு, பார்த்துக்கோ" என்றார். என்னிடமா சொல்ல வேண்டும்? சுவரில் ஒன்று தொங்கினால் அது பாடம். பாடம் என்றால் மனப்பாடம்.

ஜூன் 13

தினமும் கடைசிப் பீரியட் அட்டைதான். ஈ… எஃப், பி… டி, ஓ, ஜெட்… வாய்ப்பாடு சொல்கிற ராகத்திலேயே. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. யாரை எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறார்கள். கோமளம்தான் முதல். முதல் வகுப்பிலிருந்தே வருஷா வருஷம் நான் வீட்டில் சொல்லிக்கொடுத்தது ஆயிற்றே.

ஒப்பிப்பதில் இருக்கிற கவனம் மற்றதில் இல்லை. பாலை டம்ளரில் ஊற்றச் சொன்னால் டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுகிறாள். பந்தைப் போட்டால் பந்து போன பிறகு கையை நீட்டுகிறாள். போன வருஷ ரிப்போர்ட் கார்டில் "கவனம் போதாது" என்றே எழுதினேன். என் பெண் என்று பார்க்கவில்லை.

ஜூன் 18

நாற்பத்தொரு பேரும் தேறினார்கள்!

டாக்டருக்கு ஒரே அவசரம். ஒரு கண்ணைப் பொத்து, சொல்லு, மறு கண்ணைப் பொத்து, சொல்லு, அடுத்த ஆள். என் பிள்ளைகள் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. "வெரி குட், டீச்சர்" என்றார். ஆளுக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

கோமளத்துக்குக் குளவி கொட்டிவிட்டது. வலது கண் இமை மேலேயே. இட்லி மாதிரி வீங்கிக் கண் மூடிக்கொண்டது. மஞ்சள் குழைத்துத் தடவினேன். ஊரைக் கூட்டி அழுதாள்.

ஜூலை 7

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் கொல்லைப்பக்கம் போனவள் நிலைப்படியில் நேராகப் போய் மோதினாள். பிறகு ஸ்டூலில். எனக்குக் கோபம் வந்தது.

"ஏண்டி, இன்னொரு கண் நன்னாத்தானே இருக்கு? அதால பாரேன்."

"அது பார்க்கற கண் இல்லையேம்மா."

"என்னடி உளறறே?"

"வலதுதான் பார்க்கற கண். இது சும்மா இருக்கற கண். எல்லாருக்கும் அப்படித்தானே?"

சமாதானமாக, எனக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னாள். கொஞ்சம் தள்ளி நின்று கையைக் காட்டினேன். எத்தனை விரல்? "ரெண்டு." நாலு காட்டியிருந்தேன். மறுபடி காட்டினேன். "தெரியலைம்மா, வெளிச்சம் மட்டும் வெள்ளையா இருக்கு."

எட்டு வயசு. எட்டு வருஷமா என் மடியிலயும் என் பெஞ்சுலயும் உட்கார்ந்திருக்கா. நான் பெத்தவ. நான் டீச்சர். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? எப்படி?

அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னேன். காபியைத் தொடவில்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்த்தார், பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "அலமேலு, நீயும் பாரு" என்றார். எங்களுக்கு இரண்டும் தெரிகிறது. நாற்பது வயதில் இன்றுதான் முதல் தடவையாகப் பார்த்துக்கொள்கிறோம்.

ஜூலை 10

வீக்கம் வடிந்துவிட்டது. அவரும் நானும் அவளைப் பிரேசர் டவுனில் கண் டாக்டர் டோரதியிடம் அழைத்துப் போனோம். பஸ்ஸில் வேண்டாத தெய்வம் இல்லை.

டாக்டர் கோமளத்தின் வலது கண்ணை அட்டையால் மறைத்து, "படிம்மா" என்றார். கோமளம் கடகடவென்று படித்தாள். ஈ… எஃப், பி… டி, ஓ, ஜெட்… கடைசிப் பொடி வரி வரை. "நல்லாத்தானே தெரியுது, டீச்சர்?" என்று டாக்டர் சிரித்தார். எனக்கும் ஒரு நிமிஷம் உயிர் வந்தது. குழந்தை விளையாட்டுக்குச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்த ராகம் என் காதில் விழுந்தது. என் வகுப்பு ராகம்.

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டருக்கும் ஏதோ பட்டுவிட்டது. எழுந்து போய், சத்தமில்லாமல் சுவரிலிருந்து அட்டையைக் கழற்றினார். "இன்னொரு தடவை சொல்லும்மா."

வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு கோமளம் முழுவதையும் சொல்லி முடித்தாள். ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்கம்மாதான். எங்க கிளாஸ்ல எல்லாருக்கும்!" பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

கோமளத்தின் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கண்ணுல நோய் ஒண்ணுமில்ல. பிறந்ததுலேர்ந்தே இடது கண்ணுக்குப் பவர் ரொம்ப அதிகம். மங்கலாவே தெரியறதால மூளை அந்தக் கண்ணைச் சேர்த்துக்கறதில்ல. வலது கண்ணு எல்லா வேலையும் பார்த்துடுது, அதனால புள்ளைக்கே தெரியாது. அஞ்சு வயசுல கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மூடிப் பழக்கியிருந்தா முக்காவாசி திரும்பியிருக்கும். அதுக்குத்தான் வருஷா வருஷம் பார்க்கச் சொல்றது."

"இப்போ?"

"முயற்சி பண்ணுவோம். முழுசா வரும்னு நான் சொல்லமாட்டேன், டீச்சர்."

வருஷா வருஷம் பார்த்தார்கள். மூன்று வருஷமும் என் பெண் தேறினாள். நான் தேற வைத்தேன்.

ஜூலை 11

ரிப்போர்ட் கார்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. கவனம் போதாது. யாருக்கு?

ஜூலை 14

ஹெட்மிஸ்ட்ரஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜகதாம்பாள் முதலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எல்லாரும் பாஸ்னு எழுதி அனுப்பியாச்சே, அலமேலு. இப்போ மாத்தினா ஊரே சிரிக்கும்" என்றார். சிரிக்கட்டும் என்றேன். இத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து நான் சொன்ன முதல் வார்த்தை.

டாக்டர் டோரதி சொன்னபடி காலண்டர் அட்டையில் ஒரே எழுத்தை வெட்டினேன். மூன்று கால் உள்ள இங்கிலீஷ் ஈ. அதை மேலே, கீழே, பக்கத்தில் என்று திருப்பித் திருப்பிக் காட்டினால், கால் எந்தப் பக்கம் என்று பிள்ளை கையால் காட்ட வேண்டும். மனப்பாடம் பண்ண அதில் ஒன்றும் இல்லை.

மாலைக்குள் வகுப்பு முழுவதையும் பார்த்துவிட்டேன். கோமளத்தைச் சேர்க்காமல் நாலு பேருக்குச் சரியாகத் தெரியவில்லை. நாலு பேரும் ஜூன் பதினெட்டாம் தேதி என்னிடம் பெப்பர்மின்ட் வாங்கியவர்கள்.

ஜூலை 29

கண்ணாடி வந்தது. தினமும் நாலு மணி நேரம் வலது கண்ணில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி. பிய்த்துப் போடுகிறாள். "எனக்கு இருட்டா இருக்கும்மா" என்று கத்துகிறாள். மறுபடி ஒட்டுகிறேன். அவள் அழுகிறாள், நானும்.

டிசம்பர் 3

பிளாஸ்திரியோடு மடியில் உட்கார்ந்து, என் மூக்குத்திக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து கல்லை எண்ணினாள். ஏழு என்றாள். ஏழுதான்.

1959 ஜூன் 10

டாக்டரிடம் போய் வந்தோம். இடது கண்ணால் நாலாவது வரி வரை. "இதுக்கு மேல வர்றது கஷ்டம்" என்றார். நாலாவது வரிக்குக் கீழே கோமளம் ஊகிக்கவில்லை. "தெரியலை" என்று நிறுத்திக்கொண்டாள். அந்த வார்த்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

ஜூன் 24, புதன்

இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சுவர் அட்டை பரிசோதனை நாள் வரை பீரோவில். சாவி என் இடுப்பில். டாக்டர் வருவதற்கு முன்பே மூன்று கால் ஈயை வைத்து நானே ஒவ்வொருவராகப் பார்த்தேன். முப்பத்தெட்டு பேர்.

ஜானகி என்று ஒரு குட்டி, முன்பல் இல்லாதவள். இடது கண்ணைப் பொத்தியபோது டக்டக்கென்று காட்டினாள். வலது கண்ணைப் பொத்தினேன். கையைத் தூக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "டீச்சர், இப்போ நீங்க ஒண்ணுமே காட்டலியே."

என் கையில் அட்டை அப்படியே இருந்தது. அவள் அம்மா வள்ளியம்மாவை வரச்சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். "அய்யோ, நல்லா ஓடியாடிக்கிட்டுத்தானே இருக்கா டீச்சர்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாளைக்கே டாக்டர் டோரதியிடம் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். ஜானகிக்கு ஐந்து வயதுதான் ஆகிறது.

மூன்று பேர் தேறவில்லை. மூன்று பேருக்கும் பெப்பர்மின்ட் கொடுத்தேன். ஜானகிக்கு இரண்டு.