முயல்களுக்குப் பசி

பபேடான், ரங்கூன்
8 ஜூன் 2025

அன்புள்ள சத்யாவுக்கு,

ஸமீராவின் சலாம். வைத்தியத்துக்காகப் பினாங்கு வரும் நூர் பீவி மாமியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தெருமுனையில் பட்டாளத்துக்காரர்கள் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். தமிழ்க் காகிதத்தை மட்டும் யாரும் சீண்டுவதில்லை.

என் வீட்டுக்காரர் எல்லை தாண்டித் தாய்லாந்துப் பக்கம் மே சோட் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அதனால் முயல் வளர்க்கிறேன். சிரிக்காதே. ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து இரண்டு ஜோடி வாங்கிவந்தேன், இப்போது கூண்டு போதவில்லை. எல்லாம் கறிக்குத்தான். ஹலாலா என்று கேட்காத ஆளில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்தே ஆகும் என்று சொன்ன பிறகுதான் வாயை மூடினார்கள்.

ஒரே தொல்லை, பயந்தால் பின்காலால் தரையில் ஓங்கி அடிக்கும். பகலில் சமையலறையில் திறந்து விடுகிறேன். நம் கட்டடத்துப் பலகைத் தரைதான் உனக்குத் தெரியுமே. கீழ்வீட்டில் வார்டு ஆபீஸ்காரர் குடிவந்திருக்கிறார். அவர் மனைவி டோ சான், "நீ கடைக்குப் போனப்புறம் மேல என்னமோ சத்தம் கேக்குதே?" என்றார். முயல் என்றேன். நம்பிவிட்டார்.

நீ இல்லாமல் இந்தத் தெருவில் எனக்குச் சண்டை போடக்கூட ஆளில்லை.

உன்
ஸமீரா


பினாங்கு
2 ஜூலை 2025

அடி ஸமீரா,

நீ நன்றாயிருக்க வேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவள், கடைசியில் நிஜமாகவே முயல் பிடித்துவிட்டாய்! ஆனால் ஒன்று கேட்கிறேன். கோழி அறுப்பதைக் கண்டு மயங்கி விழுந்தவள் நீ. இப்போது யார் உனக்கு அறுத்துத் தருகிறார்கள்?

விளையாட்டு போதும். என் கொழுந்தன் பிரேம்நாத் மே சோட்டில்தானே வேலை செய்கிறார். நம் ஆட்கள் தங்கும் இடமெல்லாம் விசாரித்துவிட்டாராம். நியாஸ் என்று யாரும் அங்கே வந்து இறங்கவே இல்லை. வேறு எவளோடாவது போய்விட்டாரா? மனதுக்குள் வைத்துக்கொண்டு வேகாதே, சொல்லிவிடு. காதைப் பிடித்து இழுத்து வருகிறேன். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை.

சத்யபாமா


பபேடான்
3 ஆகஸ்ட் 2025

சத்யா,

அவரைத் திட்டாதே. படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போடு.

அவர் எங்கேயும் போகவில்லை. நான் இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வார்டு ஆபீஸில் போட்ட குலுக்கலில் அவர் பெயர் விழுந்துவிட்டது. அடுத்த வருஷம் ரமலான் கழிந்தால் வயது தாண்டிவிடும், பிறகு கூப்பிட மாட்டார்கள். அதுவரை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்றுதான் மே சோட் கதையைக் கட்டினேன். ஆனால் ஒரு மனிதன் எத்தனை நாள் கால் பதியாமல் நடப்பான்? செம்பு கைதவறி விழும், முட்டி இடிபடும். கோழி கூவும், நாய் குரைக்கும், அந்தச் சத்தத்தை வைத்துக் காலடியை மறைக்க முடியாது. முயலுக்குத் தட்ட மட்டும்தான் தெரியும். யோசனை அவருடையது. அறுப்பவரும் அவர்தான். குழாயைத் திறந்துவிட்டு, பிஸ்மில்லாஹ்வை வாய்க்குள்ளேயே சொல்லி அறுக்கிறார்.

ஜன்னல் பக்கம் போகாமல் வெளுத்துப்போய்விட்டார். "முயலை மட்டும் வெயில்ல வைக்கிற, என்னையும் கொஞ்சம் வையேன்" என்று கேலி பேசுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டோ சான் கறி வாசனை பிடித்துப் படியேறி வரப் பார்க்கிறார். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போய் வருகிறேன். என்ன செய்யட்டும், சொல்லடி.

ஸமீரா


பினாங்கு
30 ஆகஸ்ட் 2025

என் கண்ணே ஸமீரா,

கிழித்து எரித்துவிட்டேன். என் வாய்க்கொழுப்பை நியாஸ் அண்ணன் பொறுத்துக்கொள்ளட்டும். முருகனுக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டிருக்கிறேன், அவர் வெளியே வரும் நாளில் மொட்டை எனக்குத்தான்.

அந்த அம்மாவை விலக்கி வைக்காதே, விலக்கினால்தான் சந்தேகம் வரும். நீயே குழம்பு வைத்துக் கீழே கொண்டுபோய்க் கொடு. பாசமாகப் பழகு. உண்ட வீட்டுக்கு யாரும் ரெண்டகம் செய்ய மாட்டார்கள்.

சத்யா


பபேடான்
23 நவம்பர் 2025

அன்புள்ள சத்யா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே.

நீ சொன்னபடியே குழம்பு வைத்துக் கொடுத்தேன். டோ சானுக்கு ருசி பிடித்துப்போயிற்று. என்னை மகளே என்று கூப்பிட ஆரம்பித்தார். பாசத்தில் பொய்யில்லை, அதுவும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒருநாள் படியில் நிறுத்தினார்.

"பகல் முழுக்கத் தட்டிக்கிட்டே இருக்குதுங்க, பாவம். பசி தாங்கல போல. நீ கடைக்குப் போயிடுற. சாவியைக் குடுத்துட்டுப் போ மகளே, நான் வந்து தீனி வைக்கிறேன்."

கடிக்கும் என்றேன். நாற்றம் தாங்க மாட்டீர்கள் என்றேன். அதற்குள் அவர் புருஷன் கதவுக்கு வந்துவிட்டார். "சாவி குடுக்கறதுல என்ன இருக்கு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இன்னொரு சாவி செய்து திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் தரை வழியே கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

ஞாயிறு விடியலில், முகம் தெரியாதபடி தவிட்டுச் சாக்கைத் தலையில் சுமந்துகொண்டு டாலா படகுக்குப் போனார். அந்தக் கரையிலிருந்து எல்லைக்குக் கூட்டிப்போக ஒருவர் வருவதாக ஏற்பாடு. "முயலைப் பட்டினி போட்டுடாதே" என்று மட்டும் சொன்னார். என் கையை அவர் பிடிக்கவில்லை, பிடித்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பிரேம்நாத்தை மறுபடி தேடச் சொல்லடி. இந்த முறை நிஜமாகவே தேட வேண்டும்.

உன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நல்லதைத்தான் சொன்னாய்.

அறுக்க ஆளில்லாமல் முயல்கள் பெருகிக்கொண்டே போகின்றன. டோ சான் நாள் தவறாமல் வந்து தீனி வைக்கிறார். நேற்றுக் கடையிலிருந்து வந்ததும் என் கன்னத்தைத் தடவிப் பெருமையாகச் சொன்னார்.

"பாத்தியா மகளே, நான் தீனி வைக்க ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. பசிதான் அதுங்களுக்கு."

ஆமாம் என்றேன்.

உன்
ஸமீரா