ரெண்டாவது இழை

1968, மார்கழி. பிள்ளையார் நோன்பு.

விடியலிலிருந்து மாவு இடித்துப் பலகாரம் சுட்டதில் கை கழண்டுபோச்சு.

புதுத் துணி நூலைத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, மாமனார் ஆளுக்கொரு இழை கொடுத்தாக, எரியிற சுடரோடவே வாயில் போட்டுக்க. எனக்கு மட்டும் ரெண்டு. "வயித்துப் பிள்ளைக்கும் சேத்து எடுத்துக்க, ஆத்தா."

போன வருசம் சொன்ன அதே சொல். அந்தப் பிள்ளை தை பிறக்குமுன்னே கலைந்துபோச்சு. மாமனாருக்கு இப்போ எல்லாம் மறதி. இல்லாத பிள்ளையோட இழையைக் கையில் பிடிச்சபடி நின்னேன். சுடர் என் விரல்வரை வந்துவிட்டது.

"எனக்குப் பசிக்குது, இங்குட்டுக் கொடு" என்று என் வீட்டுக்காரர் அதை வாங்கிச் சுடரோடு விழுங்கினாக. இனிப்பென்றாலே முகம் சுளிக்கிற மனுசர்.

இப்போ பக்கத்தில் குறட்டை விடுறாக. தினமும் அதைத் திட்டுவேன். இன்னைக்கு மனசு வரலை. விடட்டும்.